சாமிக்கே கடன் இருக்கு. அப்புறம் நம்ம அண்ணனை ஏன் விரட்டினோம்?

கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படிச்சிட்டு கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. முழுசா படிச்சிட்டு வாங்க, அப்புறம் தாராளமா சண்டை போடலாம்.

நான் பதினாலு வருஷமா நம்ம கோயில் அன்னதானக் கூடத்துல தொண்டு செய்றவன். நிர்வாகத்துல எனக்கு எந்தப் பதவியும் இல்ல, வேணாம்னும் சொல்லியிருக்கேன். அதனால இதை எழுதுறதால எனக்குப் போறது கரண்டி ஒன்னுதான்.

போன புரட்டாசி மூணாவது சனிக்கிழமை. கூடத்துல ஐநூறு பேருக்கு மேல இலை போட்டாச்சு. மைக்ல பேசின ஐயா அழகா ஒரு கதை சொன்னார். பத்மாவதித் தாயாரைக் கல்யாணம் கட்ட சீனிவாசப் பெருமாள் குபேரன்கிட்ட கடன் வாங்கினார், அந்த வட்டியைத்தான் இன்னிக்கு வரைக்கும் கட்டிக்கிட்டு இருக்கார், நாம உண்டியல்ல போடுற காசு எல்லாம் அதுக்குத்தான் போகுதுன்னு. எல்லாரும் கோவிந்தா போட்டோம். அதே நேரத்துல ஆபீஸ் ஃபோன் அடிச்சது. ஒரு பேங்க் சார்பா கடன் வசூல் பண்ற ஏஜென்சியிலிருந்து. நம்ம அண்ணன் ஒருத்தர் பேரைச் சொல்லி, “இந்த ஆளு எங்களுக்கு எட்டாயிரம் வெள்ளி கட்டணும், அஞ்சு மாசமா ஓடி ஒளியுறான், உங்க கோயில்லதான் இருக்கானாம், கூப்பிடுங்க”ன்னு பேசியிருக்கான்.

அண்ணன் பேரை இங்க சொல்ல மாட்டேன். பத்து நிமிஷத்துல கோயில் பூரா அந்தப் பேர் தெரிஞ்சிடுச்சு, அதுவே போதும். சாம்பார் வாளி தூக்குறவர் வரைக்கும் தெரிஞ்சுபோச்சு. அடுத்த வாரம் நிர்வாகத்துல ஒருத்தர் அவரைத் தனியா கூப்பிட்டு, “பிரச்சினை முடியுற வரைக்கும் கொஞ்சம் ஒதுங்கி இருங்க, கோயில் பேர் கெடும்”னு சொல்லிட்டார். அண்ணன் ஒரு வார்த்தை பேசல. காய் வெட்டுற கத்தியைக் கழுவி வச்சிட்டுப் போனவர்தான்.

அந்த ஃபோன்ல பேசினவன் செஞ்சது சட்டப்படி தப்பு. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் வாடிக்கையாளர் கணக்கு விவரத்தை ரகசியமா வைக்கச் சொல்லுது. பேங்க் வசூலுக்கு ஆள் வைக்கலாம். ஆனா அந்த ஆள் கோயில் கிளார்க்குகிட்டயும் பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்டயும் இவர் இவ்வளவு பாக்கின்னு சொல்லக்கூடாது. சரி, அவன் கமிஷனுக்கு வேலை பார்க்கிறவன், வாயை விட்டான். அதைக் கேட்டு ஊர் பூரா சொன்னது யாரு? நாம. அவன் ஒருத்தர்கிட்ட சொன்னான், நாம ஐநூறு பேர்கிட்ட சொன்னோம். கமிஷன்கூட வாங்காம.

“வாங்கின கடனைக் கட்ட வேண்டியதுதானே”ன்னு கேட்பீங்க. கட்டத்தான் வேணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. கடனை ஏமாத்துறவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரல. ஆனா இந்த எட்டாயிரம் எப்படி வந்துச்சுன்னு யாராவது கேட்டோமா? நான் கேட்டேன். கார்த்திகைக்கு அப்புறம் அவர் வீட்டுக்குப் போய், மாடிப்படியில உட்கார்ந்து, மூணு மணி நேரம்.

அண்ணன் லோரி ஓட்டுறவர். சம்பளம் 2,800 வெள்ளி. முன்னாடி டிரிப் காசு, ஓவர்டைம் எல்லாம் சேர்ந்து நாலாயிரம் தாண்டும். கம்பெனியில டிரிப் குறைஞ்சுது. அதே சமயம் அம்மாவுக்கு உடம்பு முடியல. வீட்டுச் சாமான், பெட்ரோல், அம்மாவுக்கு டயப்பர் எல்லாமே ரெண்டு கிரெடிட் கார்டுல ஓடியிருக்கு. ஒண்ணுல 5,000, இன்னொண்ணுல 3,000. மாசாமாசம் மினிமம் மட்டும் கட்டியிருக்கார். மினிமம்னா பாக்கியில 5 விழுக்காடு, அதாவது 400 வெள்ளி. வருஷத்துக்கு 18 விழுக்காடு வட்டின்னா எட்டாயிரத்துக்கு மாசம் 120 வெள்ளி வட்டிக்கே போயிடுது. அசல்ல குறையறது 280. அதே மாசம் திரும்ப 300 வெள்ளிக்கு அரிசி பருப்பு மைலோன்னு கார்டைத் தேய்ச்சா, நானூறு கட்டியும் கடன் இருபது வெள்ளி கூடித்தான் இருக்கும். இது கணக்கு. இதுல கர்மா ஒண்ணும் இல்ல.

அப்புறம் கட்ட முடியாம விட்ட மாசத்துக்கெல்லாம் தாமதக் கட்டணம் பாக்கியில 1 விழுக்காடு. ரெண்டு கார்டுக்கும் சேர்த்து எண்பது வெள்ளி, மாசத்துக்கு. மூணு மாசம் தாண்டினதும் கணக்கு வாராக்கடன் பக்கம் போயிடும், வசூல் ஏஜென்சி கைக்கும் வந்துடும்.

இனிமே சொல்றதைத்தான் நிர்வாகத்துல இருக்கிறவங்க நிதானமா படிக்கணும். அந்த எட்டாயிரத்துல ஆயிரம் வெள்ளி நம்ம கோயிலுக்கு வந்த காசு.

முந்தின வருஷ நவராத்திரி. ஆறு வருஷமா ஒரு நாள் உபயம் அவர் குடும்பத்தோடது. பலகையில பேர் எழுதியிருக்கும். அந்த வருஷம் கையில காசில்ல. “இந்த வருஷம் மட்டும் பேர் இல்லன்னா என்ன நினைப்பாங்க தம்பி”ன்னாரு என்கிட்ட. கிரெடிட் கார்டைக் கொண்டுபோய் ஏ.டி.எம்.ல ஆயிரம் வெள்ளி எடுத்திருக்கார். கார்டுல ரொக்கம் எடுத்தா கட்டணம் தனி, 5 விழுக்காடுன்னா ஐம்பது வெள்ளி அப்பவே போச்சு. சாமான் வாங்கினா இருபது நாள் வட்டியில்லாம தவணை கிடைக்கும், ரொக்கத்துக்கு அது கிடையாது, எடுத்த அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். கூட ஒரு வெள்ளி போட்டு ஆயிரத்தொண்ணா உறையில வச்சுக் கொடுத்தார். நாம அந்தக் காசுல வடை சுட்டோம், கேசரி கிண்டினோம். அவருக்கு மாலை போட்டு பரிவட்டம் கட்டினோம். அந்த வடையை நான்தான் சுட்டேன். அடுத்த வருஷம் அந்த ஆயிரத்துக்கும் சேர்த்து வசூல் பண்ண ஃபோன் வந்தப்போ, கோயில் பேர் கெடும்னு அவரையே வெளியே அனுப்பினோம்.

பரிவட்டம் கட்டின அதே கைதான்.

இதோட நின்னிருந்தாகூட நான் இந்தப் பதிவைப் போட்டிருக்க மாட்டேன். நாம ஒதுக்கின பிறகு அண்ணன் யார்கிட்டயும் பேச முடியாம, நம்ம கோயில் செருப்பு வைக்கிற இடத்துல கிடந்த ஒரு நோட்டீஸைப் பார்த்து ஃபோன் போட்டிருக்கார். “சிசிரிஸ், சிடோஸ் பேர் சுத்தம் செய்து தரப்படும், கடன் பாதியாகக் குறைக்கப்படும், நூறு விழுக்காடு உத்தரவாதம்.” எல்லாரும் பார்த்திருப்பீங்க. நவராத்திரி மேடையில அதே ஆளுங்களோட பேனர் தொங்குச்சு, நன்கொடையாளர்னு. அண்ணன் என்ன நினைச்சார்? கோயில்லயே பேனர் இருக்கு, நல்லவங்களாத்தான் இருப்பாங்க.

முன்பணம் 1,500 வெள்ளி கேட்டிருக்கான். கையில இல்ல. அதுக்காக ஃபோன்ல ஒரு கடன் செயலியை இறக்கி, 2,000 வெள்ளி கேட்டு, கைக்கு 1,500 வந்து, ஏழு நாள்ல முழுசா 2,000 கட்டணும்னு சொல்லி… மீதியை நீங்களே ஊகிச்சுக்கலாம். எட்டாம் நாள் அவர் ஐ.சி. படம், முகப்படம், கூடவே கெட்ட வார்த்தை, எல்லாம் அவர் ஃபோன்ல இருக்கிற எல்லா நம்பருக்கும் போச்சு. அவர் மகளோட பள்ளி வாட்ஸ்அப் குரூப் வரைக்கும். அந்தப் பொண்ணுக்குப் பதினாறு வயசு. ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகல.

நோட்டீஸ்காரன் இப்போ ஃபோன் எடுக்கிறதில்ல.

சிசிரிஸ்ங்கிறது பேங்க் நெகாரா வச்சிருக்கிற பதிவு. கடந்த 12 மாசம் நாம எப்படிக் கட்டினோம்னு பேங்குகளே அதுல போடும். அதை வெளியாள் யாரும் சுத்தம் செய்ய முடியாது. தப்பா ஏதாவது பதிவாகியிருந்தா, பதிவு பண்ணின பேங்க்தான் திருத்தணும். சரியான பதிவுன்னா, ஒழுங்கா கட்டக் கட்ட மாசம் மாசமா பழசு நகர்ந்து போகும். வேற மந்திரம் இல்ல. அந்த அறிக்கையை நாமளே இலவசமா எடுத்துப் பார்க்கலாம். அப்போ 1,500 வெள்ளி எதுக்கு?

இலவசமா உதவ ஒரு இடம் இந்த நாட்டுல 2006ல இருந்தே இருக்கு. ஏ.கே.பி.கே. பேங்க் நெகாரா தொடங்கின கடன் ஆலோசனை நிறுவனம். நானும் அண்ணனும் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுட்டுப் போனோம். சம்பளச் சீட்டு, பேங்க் கடிதம், கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் கேட்டாங்க. ஒரு அம்மா உட்கார்ந்து வரவு செலவு எழுதினாங்க. திட்டல. அதுதான் எனக்கு முதல்ல கண்ணுல பட்டது, ஒரு வார்த்தைகூடத் திட்டல. வெளியே வந்ததும் அண்ணன் சொன்னது: “கோயில்ல இப்படி யாராவது என்கிட்ட பேசியிருந்தா…” அதோட நிறுத்திட்டார்.

அங்க போனா கடன் காணாம போயிடாது. கட்டத்தான் போறோம். ஆனா ரெண்டு பேங்குக்கும் சேர்த்து நம்மால முடிஞ்ச ஒரு மாசத் தொகையா பேசி அமைப்பாங்க, வருஷக்கணக்கா நீளும். கார்டை வெட்டிடணும், புதுக் கடன் எடுக்க முடியாது, அந்தத் திட்டத்துல இருக்கோம்னு சிசிரிஸ்ல தெரியும். இதெல்லாம் உண்மை, மறைக்க ஒண்ணுமில்ல. வட்டி முதலை கடனுக்கும் சட்டவிரோத செயலி கடனுக்கும் அவங்க எதுவும் செய்ய முடியாது. அதுக்குப் போலீஸ் புகார்தான். நாங்க போட்டோம். 1951ஆம் ஆண்டு கடன் கொடுப்போர் சட்டப்படி உரிமம் இல்லாம கடன் கொடுத்தா இரண்டரை லட்சத்திலிருந்து பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. உரிமம் உள்ளவங்களே அடமானம் இல்லாத கடனுக்கு வருஷத்துக்கு 18 விழுக்காட்டுக்கு மேல வாங்கக்கூடாது. வருஷத்துக்கு, ஏழு நாளைக்கு இல்ல.

இன்னொரு பயம். வசூல்காரன் அண்ணன்கிட்ட “உன்னைத் திவாலாக்கிடுவோம், போலீஸ் வந்து பிடிக்கும்”னு மிரட்டியிருக்கான். இந்த நாட்டுல இப்போ ஒருத்தரைத் திவாலாக்கணும்னா குறைஞ்சது ஒரு லட்சம் வெள்ளி கடன் இருக்கணும், 2021லயே மாத்தியாச்சு. எட்டாயிரத்துக்கு எங்கேயிருந்து திவால்? கார்டு பாக்கி சிவில் வழக்கு, அதுக்குப் போலீஸ் கைவிலங்கோட வராது. ஆனா கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தா மட்டும் அதை அலமாரியில சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வைக்காதீங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் செய்ற தப்பு இது. போகலன்னா அவங்க கேட்டபடியே தீர்ப்பாகிடும். அதுக்கப்புறம் வர்ற கோர்ட்டு அழைப்பையும் மதிக்கலன்னா கைது ஆணை வரைக்கும் போகலாம். ஃபோன்ல கத்துறவனுக்குப் பயந்து நடுங்குவோம், கோர்ட்டுக் கடிதத்தைப் பிரிச்சுக்கூட பார்க்க மாட்டோம். தலைகீழா இருக்கு.

வசூல்காரன் வீட்டுக்கு வந்தா பேர், ஏஜென்சி, பேங்க் கொடுத்த அதிகாரக் கடிதம் கேளுங்க. கையில ரொக்கம் கொடுக்காதீங்க, கட்டுறதைப் பேங்க் கணக்குலயே கட்டுங்க. கத்தினா ஃபோன்ல பதிவு பண்ணுங்க. முதல்ல பேங்குக்கு எழுதுங்க, சரியான பதில் வரலன்னா பேங்க் நெகாராவுக்கு. காடி விஷயம் வேற. தொடர்ந்து ரெண்டு தவணை விட்டா இழுக்க வரலாம், ஆனா அதுக்கு முன்னாடி 21 நாள் எழுத்துப்பூர்வ நோட்டீஸ் கொடுக்கணும், இழுக்க வர்றவன்கிட்ட பெர்மிட் இருக்கணும். முக்கால்வாசி கட்டி முடிச்ச காடின்னா கோர்ட்டு உத்தரவு இல்லாம தொடக்கூடாது. அண்ணன் மைவிக்கு முக்கால்வாசிக்கு மேல கட்டியாச்சு. அது தெரியாம மூணு மாசம் பக்கத்து தாமான்ல ஒளிச்சு வச்சு, மோட்டார்ல வேலைக்குப் போயிருக்கார், மழையில.

சரி, அவரை ஒதுங்கச் சொன்ன ஐயாவைப் பத்தி. அவரை வில்லனாக்க நான் எழுத வரல. அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. தொண்ணூறுகள்ல அவர் தங்கச்சி மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். பையன் கட்டல. இவரைத் திவாலாக்கினாங்க. பல வருஷம் நாட்டை விட்டு வெளியே போக முடியல, பழனிக்குப் போறதா நேர்ந்துகிட்ட வேண்டுதல் அப்படியே நின்னுது. கடன்காரன்னு கேட்டாலே அவருக்கு அந்தப் பையன் முகம்தான் தெரியும். எனக்குப் புரியுது. ஆனா ஐயா, உங்களுக்கு அது நடந்தப்போ கோயில் உங்களை ஒதுக்கல. அப்போ இருந்த தலைவர் உங்களைத்தான் தேர்க்கயிறு பொறுப்புல வச்சார், நீங்களே எங்ககிட்ட சொல்லியிருக்கீங்க. இன்னிக்கு இந்த அண்ணன் யார் பேர்லயும் கடன் வாங்கல, யாரையும் ஜாமீன் நிக்கச் சொல்லல. 2017ல சட்டத்தையே மாத்திட்டாங்க. வீடு, காடி, படிப்புன்னு சொந்தத் தேவைக்கு லாபம் பார்க்காம ஜாமீன் நின்னவரை இப்போ திவாலாக்க முடியாது. உங்களுக்கு நடந்தது அநியாயம்னு நாடாளுமன்றமே ஒத்துக்கிட்ட மாதிரிதான். அந்த அநியாயத்தை நீங்க இன்னொருத்தருக்குச் செய்யணுமா?

இன்னொரு அண்ணன் வேற மாதிரி பேசுறார். கடன்காரனுக்கு வேண்டியது ருண விமோசனப் பூஜைதான், கோயில் வேலை அதோட முடிஞ்சதுன்னு. பூஜையை நான் குறை சொல்லல. கும்பகோணம் பக்கம் திருச்சேறைக்கு நானே போய் வேண்டியிருக்கேன். ஆனா திருவீழிமிழலையில என்ன நடந்துச்சு? பஞ்சம் வந்தப்போ அடியாருக்கெல்லாம் சோறு போடணும்னு சிவபெருமான் அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் காசு கொடுத்தார். சம்பந்தருக்குக் கொடுத்த காசு மாத்துக் குறைஞ்சு இருந்துச்சு, மாத்திக் கொண்டுவர நேரமாச்சு, அவர் மடத்துல சாப்பாடு தாமதமாச்சு. சம்பந்தர் பேசாம இருந்தாரா? சாமிகிட்டயே போய் நல்ல காசா கொடுன்னு பாடிக் கேட்டார், கொடுத்தார். வெட்கப்படல. காசுப் பிரச்சினையைக் கோயில் வாசல்ல பேசுறது நம்ம சமயத்துக்குப் புதுசு இல்ல. நம்ம நாட்டுல பல தண்டாயுதபாணி கோயில்களைக் கட்டினதே வட்டிக்கடை வச்சிருந்த செட்டியார்கள்தான். கடன் கொடுத்தவர் கட்டின கோயில்ல கடன்பட்டவர் நிக்கக்கூடாதா?

(நடுவுல ஒண்ணு. மகளிர் பிரிவு அக்காமாருங்க நடத்துற கூட்டுப் பணம் இருக்கே, அதைத் தடை பண்ண 1971லயே சட்டம் வந்தாச்சு. சட்டத்தோட பேரே நம்ம ‘கூட்டு’தான். கோயில் மண்டபத்துல மட்டும் அதை வச்சு நடத்தாதீங்க அக்கா, ப்ளீஸ். திட்டுறதுன்னா தனியா திட்டுங்க.)

நான் கேட்கிறது நாலு விஷயம், ஆண்டுக் கூட்டத்துல எழுத்திலயும் கொடுத்துடுவேன். மேடையில எந்தக் கடன் ஏஜென்ட் பேனரும் வேணாம், அவங்க கொடுத்த நன்கொடையைத் திருப்பிக் கொடுங்க. எவ்வளவுன்னு எனக்குத் தெரியும், அது ஒரு வேளை தயிர்சாதச் செலவு. ஆபீஸுக்கு வசூல்காரன் ஃபோன் பண்ணினா, “இங்க எந்தத் தகவலும் கொடுக்க மாட்டோம், உங்க பேர் என்ன, எந்த ஏஜென்சி”ன்னு கேட்டு எழுதி வைக்கணும், சம்பந்தப்பட்டவர்கிட்ட மட்டும் சொல்லணும். உபயம் பலகையில தொகையை எழுதுறதை நிறுத்துங்க. ஐம்பத்தொண்ணு கொடுத்தவர் பேரும் ஆயிரத்தொண்ணு கொடுத்தவர் பேரும் ஒரே எழுத்துல இருக்கட்டும், கொடுக்க முடியாத வருஷம் பேரை அழிக்காதீங்க. நாலாவது, அண்ணன் வீட்டுக்கு நிர்வாகத்திலிருந்து யாராவது ஒருத்தர் நேர்ல போய்க் கூப்பிடணும். ஃபோன் வேணாம். ஃபோன் அடிச்சாலே அந்த வீட்டுல பயப்படுறாங்க.

“கோயிலுக்கு வருமானம் குறையும்”னு ஒருத்தர் இப்பவே எனக்குத் தனியா மெசேஜ் பண்ணிட்டார். குறையட்டும் அண்ணே. கார்டுல எடுத்த காசுல சுட்ட வடையை என் கையாலேயே பரிமாறிட்டேன், அது தெரிஞ்ச பிறகு எனக்கு அந்தக் கூடத்துல உட்கார்ந்து சாப்பிடவே பிடிக்கல. இன்னும் எத்தனை உபயம் அப்படி வந்துச்சோ.

2025ல நாடாளுமன்றத்துல நுகர்வோர் கடன் சட்டம் நிறைவேறியிருக்கு. இப்போ வாங்கு பிறகு கட்டுன்னு ஃபோன்ல ஓடுற கடனும், கடன் வசூல் ஏஜென்சிகளும் அதுக்குள்ள வருது. நல்லதுதான். ஆனா சட்டம் கோயில் கூடத்துக்குள்ள வந்து நம்ம வாயை மூடாது.

தைப்பூசத்துக்கு இன்னும் மூணு வாரம். காய் வெட்ட ஆள் பத்தல. ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல நான் நிப்பேன், ஏ.கே.பி.கே. பாரம் கையில இருக்கும். யாருக்காவது கடிதம் படிச்சுச் சொல்லணும்னா, மலாய்ல இருந்தாலும் ஆங்கிலத்துல இருந்தாலும், கொண்டுவாங்க. பேர் கேட்க மாட்டேன், எவ்வளவுன்னும் கேட்க மாட்டேன். அண்ணனோட கத்தி அங்கேயே துணியில சுத்தி வச்சிருக்கேன், வேற யாரும் எடுக்க வேணாம்.